வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தால் டார்ஷன் பாரில் உடனே கை வைக்காதீர்கள்

புதுச்சேரியில் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "முன்னாடி இடது பக்கம் இறங்கி நிக்குதுண்ணே, பாரைக் கொஞ்சம் ஏத்திவிட்டா சரியாயிடுமா?"

ஆகிவிடும், பார்வைக்கு. அதுதான் ஆபத்து.

டார்ஷன் பார் என்பது முறுக்கப்படும் ஒரு நீளமான எஃகுக் கம்பி, அவ்வளவுதான். முன் முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில், பின் முனை சேஸின் குறுக்குச் சட்டத்தில். சக்கரம் மேலே ஏறும்போது கம்பி முறுகும், திரும்பி வரும். 1934-இல் வந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவான், 1948-இல் வந்த மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த நம் அம்பாசடர், எல்லாவற்றிலும் அடிப்படை இதுதான். அம்பாசடரின் பின் சக்கரங்களுக்குக் கமான் பட்டை, அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங். இந்தக் கமான் பட்டையை மறந்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

நானும் அதைச் செய்தேன். என் வண்டியில் முன் இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. இடது பாரின் முறுக்கத்தை மாற்றி அந்தப் பக்கத்தை ஏற்றினேன், வண்டி அழகாக நேராக நின்றது. அப்புறம் ஒரு மழை நாளில் காலாப்பட்டு தாண்டி பிரேக் அடித்தபோது முன் வலது சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வழுக்கியது. வண்டி இடது பக்கம் இழுத்தது. பிறகு பட்டறையில் படுத்துப் பார்த்தால், பின் இடது கமான் பட்டையில் இரண்டாவது பட்டை உடைந்திருந்தது. பின் இடது மூலை இறங்கினால் பாரம் முன் இடதுக்கும் பின் வலதுக்கும் போகும். அதனால்தான் முன் இடது தாழ்ந்தது. நான் அந்தப் பக்கம் பாரை ஏற்றியதும் அதே மூலைவிட்டத்துக்கு இன்னும் பாரம் ஏறியது, முன் வலது சக்கரம் இன்னும் லேசாகிவிட்டது. நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் அந்தக் காலும் எதிர்மூலைக் காலும் பாரம் தாங்க, மற்ற இரண்டும் லேசாகிற மாதிரி நினைத்துப் பாருங்கள்.

அதனால் முதலில் அளவு. தெருவில் நிறுத்தி அளக்காதீர்கள். நம் ஊர்த் தெருக்கள் சாக்கடைப் பக்கம் சரிந்தே இருக்கும். கொத்தனாரிடம் தண்ணீர் லெவல் டியூப் வாங்கி, நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் பாருங்கள். நீர் நிற்கும் கோட்டைச் சுவரில் பென்சிலால் குறித்து, தாழ்ந்த இடத்தில் பழைய டைல்ஸ் துண்டு போட்டுச் சமப்படுத்துங்கள். அரை மணி நேர வேலை. டயர் காற்று நான்கிலும் சரி, டிக்கி காலி, இன்ஜின் அதன் இடத்தில். இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு உயரம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீண் உழைப்பு.

ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளப்பதும் தவறு. இறங்கும்போது சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டும், டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விரியவிடாது. வண்டி பொய்யான உயரத்தில் நிற்கும். முன்னும் பின்னும் ஒரு வண்டி நீளம் தள்ளி, பம்பரை நாலு தடவை அமுக்கிவிட்டு அளங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்பது நல்லது, டயர் தேய்மானம் கணக்கைக் கெடுக்காது.

பாரைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், முறுக்கத்தை மதியுங்கள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கிச் சக்கரம் தொங்கினாலும் பாரில் முறுக்கம் மிச்சம் இருக்கும். ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, மெல்ல இறக்கித்தான் விடுவிக்க வேண்டும். செங்கல், கட்டை வைத்து அடியில் படுக்கவே கூடாது.

பாரின் இரண்டு முனையிலும் சுற்றிலும் பல் வெட்டியிருக்கும், அதுதான் பாரைப் பிடித்துக்கொள்ளும். கழற்றும் முன் இரண்டு முனையிலும் பல் எந்த இடத்தில் சேர்ந்தது என்று பெயின்டால் குறியுங்கள். ஒரு பல் என்பது சின்ன விஷயம் இல்லை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்பக்க பாரில் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் 9 டிகிரி. ஒரு அடி நீள ஆர்ம் என்றால் அதன் முனையில் அது கிட்டத்தட்ட 5 செ.மீ. வெளியே ஒரு பல் 8 டிகிரிக்குச் சற்று மேல். உள்ளே ஒன்று முன்னே, வெளியே ஒன்று பின்னே என்று மாற்றினால் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு. இரண்டு முனையிலும் வெவ்வேறு எண்ணிக்கை வைத்ததன் சூட்சுமம் அதுதான்.

இடது பாரை வலது பக்கம் போடாதீர்கள். ஒவ்வொரு பாரையும் அதன் பக்கத்துக்கு உரிய திசையில் மட்டும் முறுக்கிப் பழக்கித்தான் அனுப்புவார்கள். எதிர்த்திசையில் போட்டால் நாளடைவில் தொய்யும், உடையவும் செய்யும்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். முறுகும் கம்பியில் அழுத்தம் முழுக்க மேல்தோலில்தான் அதிகம். ஒரு சின்னக் கீறல் போதும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். பைப் ரெஞ்சு போட்டுப் பிடிப்பது, சுத்தியலால் அடிப்பது, பக்கத்தில் வெல்டிங் வைப்பது எதுவும் ஆகாது. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கமோ புதுவையில் வைத்திக்குப்பம் பக்கமோ நிற்கும் வண்டி என்றால் உப்புக்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும். துருவைத் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் குழியில் மாட்டினால் அந்த பார் வேண்டாம். மாட்டவில்லை என்றால் உப்புத்தாளை நீளவாக்கில் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து, பல்லுக்கு மட்டும் கிரீஸ் வைத்துப் போடுங்கள்.

பாரை ஏற்றினால் சஸ்பென்ஷன் விறைப்பாகும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆகாது, உயரம்தான் மாறும். விறைப்பு கம்பியின் தடிமனில் இருக்கிறது. விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும். ஷாக் அப்சார்பரை மாற்றினாலும் உயரம் வராது.

மூட்டில் ரப்பர் வளையம் (புஷ்) உள்ள ஆர்மின் நட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள். வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுகியே இருக்கும். உயரத்தையும் ஏமாற்றும், சீக்கிரம் கிழியும். தரையில் நிறுத்திய பிறகே கடைசி இறுக்கு.

புது பார் கொஞ்சம் அமரும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே டைல்ஸ் துண்டுகளின் மேல் நிறுத்தி மறுபடி அளங்கள். அலைன்மென்டும் ஹெட்லைட் மட்டமும் அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.