மாசுபட்ட மண்ணில் மண்புழுவை இறக்குவது எப்படி

மண்புழுவைக் கொண்டு மாசுபட்ட நிலத்தைச் சீராக்கலாம் என்று கேள்விப்பட்டவர்களில் பலர் முதலில் செய்வது, மண்புழு உரம் தயாரிப்பவரிடம் கிலோ கணக்கில் புழு வாங்கிவந்து கெட்டுப்போன மண்ணில் கொட்டிவிடுவதுதான். சில நாள்களில் அவற்றில் பாதி மேலே வந்து வெயிலில் காய்ந்து கிடக்கும். மீதி வரப்பைத் தாண்டிப் போயிருக்கும். மண்ணில் இருப்பது எந்த மாசு, அதில் எந்தப் புழு பிழைக்கும், அந்தப் புழுவை ஏற்கும் நிலைக்கு மண் வந்துவிட்டதா என்ற மூன்றையும் பார்க்காமல் இறங்குவதால் வரும் இழப்பு அது. மோட்டார் கொட்டகையைச் சுற்றியோ பழைய ஒர்க்‌ஷாப்பின் பின்புறத்திலோ டீசலும் கழிவு ஆயிலும் சிந்திக் கறுத்துப்போன அரை சென்ட், ஒரு சென்ட் நிலத்தை மீட்க விரும்புவோரை மனதில் வைத்தே இந்த வழிமுறை எழுதப்படுகிறது. உலோக மாசு உள்ள நிலத்துக்கு இதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதும் அந்தந்த இடத்தில் சொல்லப்படும்.

புழுவால் ஆவதும் ஆகாததும்

டீசல், என்ஜின் ஆயில், பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் ஆகியவை கரிமச் சேர்மங்கள்; இவற்றை உயிர்கள் சிதைக்க முடியும். ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக் போன்றவை தனிமங்கள். இவற்றை எந்த உயிராலும் சிதைக்க முடியாது, இடம் மாற்றவோ வேதிவடிவம் மாற்றவோ மட்டுமே முடியும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்படும் குறிப்புகள்தாம் அதிகம் சுற்றுகின்றன.

கரிமச் சேர்மங்களிலும் மண்புழு தானாகச் சிதைப்பது குறைவுதான். மண்ணை விழுங்கி, குடலில் அரைத்து, சளியோடும் நைட்ரஜனோடும் கலந்து அது வெளியேற்றும் குருணையில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன; அது துளைக்கும் வளைகளின் வழியே காற்று கீழே இறங்குகிறது; எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு வேண்டியவை உணவும் காற்றுமே என்பதால், புழு நடமாடும் மண்ணில் எண்ணெய் விரைவாகக் குறைகிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளை மட்டும் புழுவின் குடலில் சுரக்கும் கார்பாக்சிலெஸ்டரேஸ் நொதிகள் நேரடியாகவே பிணைத்து வலுவிழக்கச் செய்கின்றன.

உலோக மண்ணில் புழு எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள டெவன் கிரேட் கான்சால்ஸ் என்ற கைவிடப்பட்ட சுரங்கம் நல்ல சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே முதலில் செம்பும் பின்னர் ஆர்சனிக்கும் எடுத்தார்கள். கழிவு மேடுகளில் இன்றும் ஆர்சனிக் மிகுந்திருக்கிறது. அந்த மண்ணில் லும்பிரிக்கஸ் ருபெல்லஸ் என்ற புழு சாதாரணமாக வாழ்கிறது. தூய மண்ணிலிருந்து எடுத்த அதே இனப் புழுக்கள் மடிந்துபோகும் அளவு ஆர்சனேட் என்ற ஆர்சனிக் சேர்மம் கலந்த மண்ணில் சுரங்கப் புழுக்கள் உயிரோடிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தூய மண்ணில் வளர்க்கப்பட்ட அவற்றின் குட்டிகளிடமும் அந்தத் தாங்குதிறன் காணப்பட்டதால், அது ஒரு புழு தன் வாழ்நாளில் பழகிக்கொண்டது மட்டுமன்று, தலைமுறை வழியாகவும் வருவது என்று தெரிந்தது. பொதுவாக, உலோகம் தாங்கும் புழுவின் உடலில் கந்தகம் நிறைந்த மெட்டலோதயோனின் என்ற புரதம் காட்மியம் போன்றவற்றைக் கட்டிவைக்கிறது. குடலைச் சுற்றியுள்ள மஞ்சள் கலந்த பழுப்பு நிறக் குளோரகோஜன் திசு அவற்றைச் சேமிக்கும் கிடங்காகிறது.

அப்படியானால் புழுவை வளர்த்து அறுவடை செய்து உலோகத்தை வெளியேற்றிவிடலாமே என்ற எண்ணம் எழும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நடவாது என்பது விளங்கும். ஒரு சதுர மீட்டரில் 20 சென்டிமீட்டர் ஆழம்வரை சுமார் 260 கிலோ மண் இருக்கிறது. அதில் புழுக்கள் செழித்து 100 கிராம் இருந்தாலும் உலர்ந்த எடை 20 கிராமைத் தாண்டாது. மண்ணில் உள்ளதைப்போல் பத்து மடங்கு செறிவாகக் காட்மியத்தை அவை உடலில் சேர்த்திருந்தாலும், அத்தனை புழுக்களையும் எடுத்தபின் வெளியேறுவது 200 கிராம் மண்ணில் உள்ள காட்மியம். மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈயத்துக்கு அதுவும் கிடையாது, ஏனெனில் பெரும்பாலான மண்ணில் புழுவின் உடலில் ஈயம் மண்ணைவிடக் குறைவாகவே சேர்கிறது. போதாக்குறைக்கு, புழுவின் குடல் வழியாகச் சென்ற மண்ணில் உலோகம் செடி எளிதாக உறிஞ்சும் வடிவத்துக்கு மாறுவதும் உண்டு. ஆகவே உலோக நிலத்தில் புழுவுக்குரிய இடம், இறுகிச் செத்த மண்ணுக்கு மீண்டும் உயிரூட்டி மரம் செடிகள் வேர்பிடிக்கத் துணைநிற்பது. அந்தச் செடிகள் உணவுப் பயிர்களாக இருக்கக் கூடாது.

மண்ணை முதலில் அறிதல்

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை, உப்பின் அளவு, பேரூட்டம், நுண்ணூட்டம் ஆகியவை தெரியவரும். எண்ணெயின் அளவையும் ஈயம், காட்மியம் போன்றவற்றையும் அறிய, அவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகத்தை நாட வேண்டும். பழைய என்ஜின் ஆயிலில் துத்தநாகம் முதலிய உலோகங்களும் கலந்திருக்கும் என்பதால், எண்ணெய் மாசுதானே என்று உலோகச் சோதனையை விட்டுவிடக் கூடாது. கறுத்த பகுதியில் ஐந்தாறு இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம்வரை ஓரத்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து அரைக்கிலோ அனுப்பினால் போதும். எண்ணெய்ச் சோதனைக்கான மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் போடாமல், இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் குளிர்ச்சியாக வைத்து அனுப்ப வேண்டும். சற்றுத் தள்ளி, மாசு படாத இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் அதுவே அளவுகோல்.

தோல் தொழிற்சாலை, சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறை ஆகியவற்றின் கழிவு நேரடியாகக் கொட்டப்பட்ட இடமாக இருந்தால் இத்தோடு நிறுத்திவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அணுகுவதே முறை. ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு குவிந்து, பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் அவ்வூர் சேர்ந்ததைப் பலர் அறிவார்கள். மண்ணிலிருந்து மஞ்சள் நிற நீர் கசியும் அத்தகைய இடத்தில் தனி ஒருவர் கைவைப்பதற்கு எதுவும் இல்லை.

புழுவிடமே கேட்பது

ஆய்வக அறிக்கை மாசின் அளவைச் சொல்லும். அந்த மண்ணில் புழு தங்குமா என்பதைப் புழுதான் சொல்ல வேண்டும். இதற்கென்றே உலகத் தரநிர்ணய அமைப்பு வகுத்த எளிய விலகல் சோதனை ஒன்று இருக்கிறது. அதை வீட்டிலேயே செய்யலாம்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் நடுவே அட்டையைச் செருகி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் மாசுபட்ட மண்ணையும் மறு பாதியில் நல்ல மண்ணையும் ஒரே உயரத்துக்கு நிரப்புங்கள். இரண்டிலும் ஈரம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் புழு மாசைவிட்டு விலகுகிறதா, ஈரத்தைத் தேடிப் போகிறதா என்று தெரியாது. அட்டையை உருவிவிட்டு, அது இருந்த கோட்டின் மேல் நன்கு வளர்ந்த பத்துப் புழுக்களை விட்டு, காற்றுத் துளையுள்ள மூடியால் மூடி நிழலில் வையுங்கள். சரியாக 48 மணி நேரம் கழித்து அட்டையை அதே இடத்தில் மீண்டும் செருகி, ஒவ்வொரு பக்கமும் எத்தனை புழுக்கள் உள்ளன என்று எண்ணுங்கள். ஒரே டப்பாவை நம்பாமல் ஐந்து டப்பாக்களில் செய்து சராசரி பார்க்க வேண்டும். கூடவே, இரு பக்கமும் நல்ல மண்ணையே நிரப்பிய ஒன்றிரண்டு டப்பாக்களும் வேண்டும். அவற்றில் புழுக்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்திருந்தால்தான் உங்கள் சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். சராசரியாகப் பத்தில் எட்டுக்கு மேல் நல்ல மண் பக்கம் சேர்ந்திருந்தால், மாசுபட்ட மண் புழுவின் வாழிடமாக இருக்கும் தகுதியை இழந்திருக்கிறது.

எண்ணிக்கையோடு, மாசுபட்ட பக்கத்தில் தங்கிய புழுக்களின் உடலையும் உற்றுப் பார்ப்பது நல்லது. நலமான புழு விரலால் தொட்டவுடன் விசையாகச் சுருங்கும். தோல் ஈரப் பளபளப்போடு இருக்கும். நஞ்சேறிய புழு தளர்ந்து, கழுத்துப் பட்டைக்குப் பின்னால் ஆங்காங்கே மணி கோத்ததுபோல் வீங்கியிருக்கும். சிலவற்றில் உடலின் துளைகள் வழியே மஞ்சள் நிறத் திரவம் கசிந்து மண்ணோடு ஒட்டியிருக்கும். முற்றிய நிலையில் வால்பகுதி கண்டம் கண்டமாக அற்றுவிடும். பத்தில் மூன்று புழுக்கள் அந்தப் பக்கம் தங்கியிருந்தாலும், அவை இப்படித் தங்கியிருந்தால் அது தகுதியான மண் அன்று.

மண்ணைப் பதப்படுத்துதல்

சோதனையில் தோற்ற மண்ணைக் கைவிட வேண்டியதில்லை. பிசினாக இறுகிய எண்ணெய்க் கட்டிகளைக் கையுறை அணிந்து பொறுக்கித் தனி டிரம்மில் சேர்த்து, கழிவு ஆயிலைப் பெற உரிமம் பெற்றவரிடம் ஒப்படையுங்கள். பிறகு மேல்மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம்வரை கொத்திக் கட்டிகளை உடைத்து, வாரம் ஒருமுறை புரட்டிவாருங்கள். டீசலின் இலேசான பகுதி ஆவியாவதற்கும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குவதற்கும் ஒன்றிரண்டு மாதங்கள் பிடிக்கும். எண்ணெயில் கரி மட்டும்தான் மிகுதி, நைட்ரஜன் கிடையாது என்பதால் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டுச் சாணத்தைக் கலக்க வேண்டும். பச்சைச் சாணம் சூடேறி அம்மோனியா விடும், யூரியாவும் அப்படியே, இரண்டும் புழுவுக்கு ஆகாதவை. மண் இறுக்கமாக இருந்தால், உப்பு நீங்க நல்ல தண்ணீரில் அலசிய தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம். மாதம் ஒருமுறை விலகல் சோதனையைத் திரும்பச் செய்து, புழுக்கள் இரு பக்கமும் பரவி நலமாக இருப்பதைக் கண்ட பிறகே நிலத்தில் புழுவை விட வேண்டும்.

எந்தப் புழு

உரத் தொட்டிகளில் வளரும் ஆப்பிரிக்கப் புழுவும் சிவப்புப் புழுவும் சாணத்திலும் சருகிலும் வாழ்பவை. அவற்றுக்கு மண்ணைத் துளைத்து உள்ளே போகும் பழக்கம் இல்லை. சாணம் கலந்த மேல்பரப்பில் அவை பயன்படும் என்றாலும், அந்தச் சாணம் தீர்ந்ததும் அவையும் தீர்ந்துவிடும். மண்ணையே தின்று வளையிட்டு வாழும் உள்ளூர்ப் புழுக்களே இந்த வேலைக்கு ஏற்றவை. தமிழ்நாட்டு வயல்களில் பரவலாகக் காணப்படும் லாம்பிட்டோ மௌரிட்டி அவ்வகையைச் சேர்ந்தது. சென்னை புதுக் கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியலாளர் சுல்தான் இஸ்மாயில், உரத் தயாரிப்புக்கே இதையும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற மற்றொரு உள்ளூர் இனத்தையும் வலியுறுத்திவந்தவர்.

என் கருத்தில், புழு தேட வேண்டிய முதல் இடம் கறுத்த நிலத்தின் ஓரமே. மாசு மெலிந்து முடிகிற விளிம்பில், மழைக்குப் பின் குருணை தென்படும் இடத்தில் வாழும் நாங்கூழ்கள் அந்த மாசுக்கு ஏற்கெனவே ஓரளவு முகம் கொடுத்தவை. கடையில் வாங்கும் புழுவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. விளிம்பில் வாழும் அந்தப் புழுக்களை மண்வெட்டியால் தோண்டினால் பாதி வெட்டுப்பட்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கடுகுத் தூள் வீதம் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றினால், தோல் எரிச்சல் தாங்காமல் சில நிமிடங்களில் புழுக்கள் தாமாகவே மேலே வரும். உடனே எடுத்து நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

விடுதலும் பேணலும்

மாலை வேளையில், ஈரமான மண்ணில் சிறு குழிகள் பறித்து, புழுக்களை அவை வாழ்ந்த பழைய மண்ணோடு சேர்த்து இறக்குங்கள். தொடக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு ஐம்பது போதும். மண் பிடித்தால் அவையே பெருகிக்கொள்ளும், பிடிக்காவிட்டால் ஐந்நூறு விட்டாலும் நிற்காது. மேலே சருகைப் பரப்பித் தென்னங்கீற்றால் மூடுங்கள். ஒரு கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அந்த ஈரம் எப்போதும் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணின் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் புழுக்கள் மடியும் என்பதால், புரட்டாசி, ஐப்பசியில் வேலையைத் தொடங்குவதே உகந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சதுர அடி மண்ணைத் தட்டில் கொட்டித் தேடிப் பாருங்கள். பெரிய புழுக்கள் இருப்பது மட்டும் போதாது. சிறு முத்துப் போன்ற முட்டைக்கூடுகளும் வெளிர்நிறக் குஞ்சுப் புழுக்களும் இருக்க வேண்டும். மாசு உயிரைக் கொல்லும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே இனப்பெருக்கத்தை நிறுத்திவிடும்; குஞ்சுகள் இல்லாத நிலத்தில் நீங்கள் காண்பது விட்ட புழுக்களின் எச்சம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே முறையில் மாதிரி எடுத்து அதே ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ணெயின் அளவை ஒப்பிடுங்கள்.

அந்த நிலத்தில் வேலை செய்யும் புழுக்களைக் கோழிக்குப் போடுவதோ, தூண்டிலில் கோப்பதோ, வேறு வயலுக்கு மாற்றுவதோ கூடாது. உலோகம் இருப்பதாக அறிக்கை சொன்ன நிலமானால் பறவைகள் கொத்தாதபடி வலை கட்டுவதும், அங்குள்ள குருணையைத் தொட்டிச் செடிக்குக்கூட எடுக்காமல் விடுவதும் அவசியம். எண்ணெய் பக்கத்து நல்ல நிலத்தின் அளவுக்கு இறங்கிவிட்டதையும் உலோகம் அந்நிலத்தின் அளவைத் தாண்டாததையும் அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகள் காட்டும்வரை, கீரையும் கிழங்கும் அந்த மண்ணில் வேண்டாம். அதுவரை ஆமணக்கோ, வேம்பு, புங்கன் போன்ற மரக்கன்றுகளோ அங்கே நிற்கலாம்.