பைலட் லைசென்ஸ்: முதலில் மெடிக்கல், அப்புறம்தான் புத்தகம்

பைலட் ஆக வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் நேராகப் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், முதல் படி மருத்துவப் பரிசோதனை. சொந்த ஆசைக்குப் பறக்கும் பிபிஎல்லுக்கு (பிரைவேட் பைலட் லைசென்ஸ்) இரண்டாம் வகுப்பு மெடிக்கல். சம்பளத்துக்குப் பறக்கும் சிபிஎல்லுக்கு (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முதல் வகுப்பு. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது பாதிப் பயிற்சியில் தெரியவந்தால், நஷ்டம் உங்களுக்குத்தான்.

இரண்டாவது, மணிக்கணக்கு. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த குறைந்தபட்சம் பிபிஎல்லுக்கு 17 வயது, 40 மணி நேரப் பறப்பு. சிபிஎல்லுக்கு 18 வயது, 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் இது 35, 150 என்று குறையும். அதோடு முடிந்துவிடும் என்று பட்ஜெட் போடாதீர்கள், பெரும்பாலானோருக்குக் கூடவே ஆகிறது.

மூன்றாவது, தியரி. விமானச் சட்டம் மனப்பாடச் சரக்கு. தினமும் கொஞ்சமாகப் படித்தால் போதும். வானிலையும் வழிகாண்முறையும் அப்படியல்ல, அவற்றைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, ‘அறுபதுக்கு ஒன்று’ விதி. 60 நாட்டிக்கல் மைல் போவதற்குள் 1 மைல் விலகினால், பிழை ஏறத்தாழ 1 டிகிரி. சரி, 100 மைல் பயணத்தில் 40 மைல் பறந்துவிட்டீர்கள். கீழே தெரியும் பாலத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டால், பாதைக்கு இடப்புறம் 4 மைல் தள்ளி இருக்கிறீர்கள். நாலை நாற்பதால் வகுத்து அறுபதால் பெருக்கினால் 6 டிகிரி பிழை. வலப்பக்கம் 6 டிகிரி திரும்பினால் பழைய பாதைக்கு இணையாகத்தான் போவீர்கள், ஊர் போய்ச் சேர மாட்டீர்கள்! மீதி 60 மைலுக்கு இன்னொரு 4 டிகிரி சேர்த்து, மொத்தம் 10 டிகிரி வலப்பக்கம் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கை அதே வாரம் பயிற்றுநரோடு வானத்தில் செய்து பாருங்கள். பிறகு மறக்கவே மறக்காது.

கேள்வி வங்கியைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே தொட்டால் விடை மட்டும்தான் மனதில் நிற்கும். எண்ணை மாற்றிக் கேட்டால் கதை முடிந்தது.

பரீட்சையில் எந்த வடக்கைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கணக்கில் இறங்குங்கள். உண்மை வடக்கிலிருந்து (வட துருவத் திசை) காந்த வடக்குக்கு (காந்த ஊசி காட்டும் திசை) மாற்றும்போது, இரண்டுக்கும் இடையிலான கோணமான காந்த விலகல் மேற்கு என்றால் கூட்டல், கிழக்கு என்றால் கழித்தல். உண்மைத் திசை 090, விலகல் மேற்கு 5 என்றால் விடை 095. தவறான 085-உம் விருப்ப விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.