இந்தி கொஞ்சம் தெரியுமா? பஞ்சாபிக்குள் நுழைய ஒரு வழி

இந்தியில் பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும், தொடங்கலாம். ஒரு நோட்டை எடுத்து இந்தச் சொற்களை எழுதுங்கள்: சாத் (ஏழு), ஹாத் (கை), கான் (காது), காம் (வேலை), தூத் (பால்). எல்லாவற்றிலும் நெடில் இருக்கிறது, இல்லையா? அந்த நெடிலைக் குறிலாக்கி, பின்னால் வரும் மெய்யை இரட்டியுங்கள். சத்த், ஹத்த், கன்ன், கம்ம், துத்த். சரி, இப்போது நீங்கள் சொன்னது பஞ்சாபி!

ஏன் இப்படி? சப்தஸ்வரத்தில் இருக்கிற அதே 'சப்த'தான் பழைய பேச்சுமொழியான பிராகிருதத்தில் 'சத்த' ஆனது. பஞ்சாபி அந்த இரட்டிப்பை விடாமல் பிடித்துக்கொண்டது. இந்தியோ ஒரு மெய்யை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக உயிரை நீட்டிக்கொண்டது. மராத்தி, குஜராத்தி, வங்காளி மூன்றும் இந்த விஷயத்தில் இந்திப் பக்கம். பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தில் இரட்டிப்பைக் காட்டவே 'அத்தக்' என்று ஒரு குறி உண்டு, எழுத்தின் தலைமேல் சின்னக் கிண்ணம் போல உட்கார்ந்திருக்கும். படு, பட்டு என்று பிரித்துச் சொல்லியே வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை.

ஒரு எச்சரிக்கை: பெயரைக் குறிக்கும் 'நாம்' என்பதை 'நம்ம்' ஆக்கிவிடாதீர்கள். அது நாமம் என்று முதலிலிருந்தே நெடில், அங்கே இரட்டிப்பே இருந்ததில்லை.

அடுத்து 'கா, கே, கீ' வரும் இடத்தில் 'தா, தே, தீ' போடுங்கள். ராம் கா காம், ராம் தா கம்ம். ஆண்பால், பெண்பால் பொருத்தமெல்லாம் அப்படியே.

அப்புறம் ணகரம், எனக்கு மிகவும் பிடித்த இடம். அமிர்தசரசில் ஒரு கடையில் 'பானி' கேட்டேன், கடைக்கார அம்மா 'பாணி?' என்று திருப்பிக் கேட்டுவிட்டுத் தண்ணீர் நீட்டினார், நாக்கு மடிந்த அந்த ண அப்படியே நம் வீட்டு ண. மராத்தியிலும் குஜராத்தியிலும்கூடத் தண்ணீர் 'பாணி'தான்.

கடைசியாக ஒரு வாக்கியம். எனக்குப் பசிக்கிறது: இந்தியில் 'முஜ்கோ பூக் லகீ ஹை', பஞ்சாபியில் 'மைனூ புக்க் லக்கீ ஹை', மராத்தியில் 'மலா பூக் லாக்லீ'. கு, கோ, நூ, லா. குடும்பமே வேறான தமிழிலும் பசி 'எனக்கு'த்தான் வருகிறது, 'நான்' வரவில்லை. பஞ்சாபி வாக்கியத்தைப் பத்து முறை சத்தமாகச் சொல்லுங்கள், 'புக்க்' என்னும்போது குரலைச் சற்றுத் தாழ்த்தி.