ஃப்ரெண்ட்ஸோட ஸ்காட்லாந்துல மூணு நாள் பேக்பேக்கிங்: எப்படி போறது?

யூகேல படிப்பு வேலைன்னு வாரம் பூரா ஓடி லீவு நாள்லயும் துணி துவைச்சு சமைச்சு தூங்கியே பொழுது போகுதுன்னா, மே மாசம் முதல் திங்கக்கிழமை வர்ற பேங்க் ஹாலிடேயோட ஒரு நாள் லீவு சேத்துப் போட்டு கிளம்புங்க. நாலு பேர் போதும், அதுக்கு மேல போனா டென்ட் போட இடம் தேடறதே பெரிய வேலையாயிடும்.

வெஸ்ட் ஹைலேண்ட் வேங்கற நடைபாதை மொத்தம் 154 கிலோமீட்டர், முழுசா நடக்க ஒரு வாரம் ஆகும். முதல் தடவை அது வேணாம், கடைசி மூணு நாள் பகுதி மட்டும் போங்க. கிளாஸ்கோல ட்ரெயின் ஏறி பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கில இறங்குனா ஸ்டேஷன் பக்கத்துலயே பாதை. அங்கருந்து கிங்ஸ்ஹவுஸ் சுமார் 20, அடுத்த நாள் கின்லாக்லீவன் 14, மூணாவது நாள் ஃபோர்ட் வில்லியம் 24 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு சில ட்ரெயின்தான் ஓடுது, அதனால போக வர டிக்கெட்டை முதல்ல போட்டுடுங்க.

டென்ட் பத்தி பயப்பட வேணாம். இங்கிலாந்துல பெரும்பாலான இடத்துல நிலத்துக்காரங்க சம்மதம் வேணும், ஆனா ஸ்காட்லாந்துல 2003 சட்டப்படி திறந்த வெளில டென்ட் போடலாம், வீடு வயலை விட்டுத் தள்ளிப் போட்டு குப்பையை கையோட எடுத்துட்டு வந்துடணும்.

பை 10 கிலோவைத் தாண்டவே கூடாது, இதுல மட்டும் பிடிவாதமா இருங்க. ரெண்டு பேர் டென்ட்டுன்னா ஒருத்தர் கம்பி, ஒருத்தர் துணின்னு பிரிச்சுக்கோங்க. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். எங்க கூட வந்த ஒருத்தன் ஜீன்ஸோட ரேனக் மூர்ல மழைல மாட்டிக்கிட்டான், அது மரமே இல்லாத சதுப்பு நிலம், ஒதுங்க ஒரு கூரை கிடையாது, நனைஞ்ச துணி காயவே இல்ல, சாயங்காலம் வரைக்கும் நடுங்கிட்டே வந்தான், எங்களுக்கும் மனசே சரியில்ல. புது ஷூவையும் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்கிடுங்க.

சாப்பாட்டுக்கு வீட்லயே ரவையை நெய்ல வறுத்து, கடுகு, கறிவேப்பிலை, வரமிளகா, முந்திரி தாளிச்சு உப்பும் சேத்து, ஆறுனதும் ஆளுக்கொரு ஜிப் கவர்ல போட்டுக்கோங்க. அங்க தண்ணி கொதிச்சதும் கொட்டிக் கிளறி மூடி வச்சா அஞ்சு நிமிஷத்துல உப்புமா. கிங்ஸ்ஹவுஸ்ல ஆத்தோரமா டென்ட் போட்டு அந்த மூடியைத் திறந்தப்போ கறிவேப்பிலை வாசம் அடிச்சுது பாருங்க, எதிர்ல புவக்கல் எட்டிவ் மோர் மலை, டென்ட்டுக்குப் பக்கத்துலயே மான் மேயுது, மணி ஒம்போது ஆகியும் வெளிச்சம் போகல, யாரும் ஃபோனை எடுக்கவே இல்ல. கேஸ் சிலிண்டரை ஃப்ளைட்ல விட மாட்டாங்க, கிளாஸ்கோல வாங்கிக்கோங்க. ஓடைத் தண்ணியை கொதிக்க வச்சு குடிங்க. கின்லாக்லீவன்ல கடை இருக்கு, அதனால மூணாவது நாள் சாப்பாட்டை முதல் நாள்லருந்தே சுமக்க வேணாம்.

ரெண்டாவது நாள் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் ஏத்தம், அதோட உச்சி கடல் மட்டத்துலருந்து சுமார் 550 மீட்டர், இந்தப் பாதைலயே உயரமான இடம் அதுதான். பேருதான் பயங்கரம், வளைஞ்சு வளைஞ்சு ஏறுனா முடிஞ்சுடும். கூட்டத்துல யார் மெதுவா நடக்கறாங்களோ அவங்களை முன்னாடி விடுங்க, பின்னாடி விட்டா மத்தவங்க ரெஸ்ட் எடுத்து முடிக்கிறப்போதான் அவங்க வந்து சேருவாங்க, அவங்களுக்கு ரெஸ்ட்டே கிடைக்காது.

ஜூன்ல போறதா இருந்தா மிட்ஜ்னு ஒரு பொடிக் கொசு, காத்து இல்லாத சாயங்காலம் மேகம் மாதிரி மொய்க்கும், தலைக்கு வலை இல்லாம போகாதீங்க. உண்ணி கடிச்சிருக்கான்னு தினமும் கால், முழங்கால் மடிப்பெல்லாம் பாத்துக்கோங்க. மேப்பை ஆஃப்லைன்ல இறக்கிடுங்க, நிறைய இடத்துல சிக்னல் வராது.

திரும்பி வர்றப்போ ஃபோர்ட் வில்லியம்ல ஜன்னல் சீட்டா பாத்து உக்காருங்க. ட்ரெயின் ரேனக் மூர் வழியாத்தான் போகும், சதுப்புல தண்டவாளம் அமுங்காம இருக்க சுள்ளியும் மர வேரும் கட்டுக்கட்டா போட்டு அது மேல 1894ல திறந்த லைன் அது.