டெபாசிட் கட்டுவதற்கு முன் எல்.எச்.ஏ கணக்கு: உங்கள் வாடகையில் எவ்வளவு துண்டு விழும்?

பிரிட்டனில் வாடகை வீடு தேடுகிறீர்கள், வாடகையில் ஒரு பங்குக்கு யுனிவர்சல் கிரெடிட்டை (குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் மாத உதவி) நம்பியிருக்கிறீர்கள் என்றால், டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி எல்.எச்.ஏ, அதாவது வாடகை உதவியின் உச்சவரம்பு, உங்கள் வாடகைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கைப் போட்டுவிடுங்கள். "வாடகையை கவர்ன்மென்ட் கட்டிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் மாதப் பணம் வந்ததும் திகைத்துப்போய் உட்கார்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு பெரிய கணக்கு இல்லை, ஆனால் தப்பு செய்ய நாலைந்து இடம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் விசாவைப் பாருங்கள். மாணவர் விசா, வேலை விசா பெரும்பாலானவற்றில் அரசின் பொது நிதி உதவியைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். யுனிவர்சல் கிரெடிட்டும், ஹவுசிங் பெனிஃபிட் என்ற வாடகை உதவியும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த நிபந்தனை இருக்கும்போது விண்ணப்பித்தால் விசாவுக்கே சிக்கல் வரலாம், அதனால் ஆலோசகர் ஒருவரைப் பார்க்காமல் எதையும் நிரப்பாதீர்கள்.

படி 1: எந்தத் தொகையைப் பற்றிப் பேசுகிறோம்?

தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அரசு தரும் உதவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதுதான் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ், சுருக்கமாக எல்.எச்.ஏ. வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்கு இது யுனிவர்சல் கிரெடிட்டோடு சேர்ந்து வரும், ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) தரும் ஹவுசிங் பெனிஃபிட்டாக வரும். வாடகை இந்த வரம்புக்கு மேலே போனால் மிச்சம் உங்கள் கைப்பணம். வாடகை குறைவாக இருந்தாலோ அந்த வாடகை மட்டும்தான் கணக்கு, மிச்சத்தைக் கையில் தரமாட்டார்கள்.

படி 2: உங்களுக்கு எத்தனை படுக்கையறை?

அதிகம் பேர் இடறுவது இங்கேதான். நீங்கள் எடுக்கும் வீட்டில் எத்தனை அறை இருக்கிறது என்பது முக்கியமில்லை, உங்கள் குடும்பத்துக்கு எத்தனை அறை என்று விதி சொல்வதுதான் முக்கியம். கணவன் மனைவிக்கு ஒன்று. பதினாறு வயது நிரம்பிய மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. பதினாறுக்குக் கீழே இருக்கும் இரண்டு பையன்களோ இரண்டு பெண்களோ ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பத்து வயதுக்குக் கீழே என்றால் பையனும் பெண்ணும் சேர்ந்து ஓர் அறை. எப்படிக் கூட்டினாலும் நாலு அறைக்கு மேல் கிடையாது.

ஒன்பது வயதுப் பையனும் ஏழு வயதுப் பெண்ணும் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு அறைக்கான தொகைதான் கிடைக்கும். பையன் பத்தாவது பிறந்தநாளைக் கொண்டாடினால் அதே குடும்பம் மூன்று அறைக்குத் தகுதி பெறுகிறது!

தனியாளாக, பிள்ளைகள் இல்லாமல், 35 வயதுக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான தொகை மட்டும்தான், முழு வீடு எடுத்தாலும் அதுதான். சில விதிவிலக்குகள் உண்டு, குறிப்பாக உடல்நலக் குறைபாட்டுக்காக அரசு உதவி பெறுபவர்கள் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

படி 3: போஸ்ட்கோடைப் போட்டுத் தேடுங்கள்

அரசின் எல்.எச்.ஏ டைரக்ட் தளத்தில் போஸ்ட்கோடைக் கொடுத்தால் அந்த வட்டாரத்தின் தொகை வரும். இங்கிலாந்து மட்டும் இப்படி 152 வாடகை வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கவுன்சில் எல்லையும் இந்த வட்டார எல்லையும் ஒன்றில்லை. ஒரே கவுன்சிலுக்குள்ளேயே இரண்டு தொகை வரலாம், அதனால் இப்போது இருக்கும் வீட்டின் போஸ்ட்கோடை அல்ல, போகப்போகும் வீட்டின் போஸ்ட்கோடைப் போடுங்கள்.

படி 4: வாரத்தை மாதமாக மாற்றுங்கள்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கரண்ட் பில் வந்த கவரின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். வாரத்துக்கு 300 பவுண்டு என்று வைத்து, நாலால் பெருக்கி 1,200 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டார். "அக்கா, மாதத்துக்கு நாலு வாரம் இல்லை" என்றேன். வருடத்துக்கு 52 வாரம், ஆகவே 300-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும், 1,300 வரும். நூறு பவுண்டு வித்தியாசம். வாடகையை வாரக் கணக்காக்கும்போதும் இதே தப்பு நடக்கும்: மாதம் 1,560 என்றால் வாரம் 390 இல்லை, 360.

படி 5: வாடகையை எதோடு ஒப்பிடுவது?

அந்த அக்கா பார்த்த வீடு மாதம் 1,560. கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 1,300. மாதம் 260, வருடத்துக்கு 3,120 பவுண்டு துண்டு விழுகிறது. வாடகையில் தண்ணீர், கரண்ட், கேஸ் சேர்ந்திருந்தால் அதை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

துண்டு விழுவது உங்கள் தவறு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு வட்டாரத்தில் நூறு வீடுகளை வாடகை குறைந்ததிலிருந்து வரிசையாக நிறுத்தினால் முப்பதாவது வீட்டின் வாடகைதான் எல்.எச்.ஏ என்பது அடிப்படை. 2008-ல் திட்டம் நாடு முழுக்க வந்தபோது இது ஐம்பதாவது வீடாக இருந்தது, 2011-ல் முப்பதாகக் குறைத்தார்கள். அந்த முப்பதும்கூட வருடாவருடம் புதுப்பிக்கப்படுவதில்லை. 2016-லிருந்து நான்கு வருடம் உறைந்து கிடந்தது, 2020-ல் உயர்த்திவிட்டு மறுபடி 2024 ஏப்ரல் வரை நிறுத்திவைத்தார்கள். 2024-ல் உயர்த்தியது 2023 செப்டம்பர் வரையிலான ஒரு வருட வாடகைகளை வைத்து, 2025-ல் ஒரு பைசா ஏற்றவில்லை. மேலும் அந்தக் கணக்கில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கட்டும் வாடகையும் சேரும், விளம்பரத்தில் நீங்கள் பார்ப்பதோ இன்று புதிதாகக் கேட்கும் விலை. அதனால் பத்தில் மூன்று வீடு கட்டுப்படியாகும் என்று எண்ணித் தேடப் போனால் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம்.

படி 6: எதையெல்லாம் கழிப்பார்கள்?

எல்.எச்.ஏ என்பது உச்சம், உறுதி இல்லை. வேலை வருமானத்தில், சிலருக்கு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலும் மற்றவர்களுக்கு முதல் பவுண்டிலிருந்தும், ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் யுனிவர்சல் கிரெடிட்டில் குறையும். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் யுனிவர்சல் கிரெடிட்டே கிடையாது. 21 வயது தாண்டிய மகனோ தம்பியோ கூட இருந்தால், அவர் பங்கு என்று பொதுவாக ஒரு தொகையைக் கழிப்பார்கள். எல்லா உதவிக்கும் சேர்த்து பெனிஃபிட் கேப் என்று ஓர் உச்சவரம்பும் உண்டு: குடும்பங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் லண்டனுக்குள் வருடத்துக்கு 25,323, வெளியே 22,020 பவுண்டு. போதிய அளவு சம்பாதிப்பவர்களுக்கும் சில உடல்நல உதவிகள் பெறுபவர்களுக்கும் இது பொருந்தாது.

படி 7: துண்டை எப்படி அடைப்பது?

முதலில் கவுன்சிலிடம் கேளுங்கள். டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று தந்துவந்த கூடுதல் உதவி இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்டுக்குள் போய்விட்டது, பெயர் மாறினாலும் கேட்கும் இடம் கவுன்சில்தான். அடுத்து, வீட்டுக்காரரிடம் பேரம் பேசத் தயங்காதீர்கள். இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் அவர் வாங்கக்கூடாது, பெனிஃபிட் வாங்குபவர் என்ற காரணத்துக்காக வீடு தர மறுக்கவும் கூடாது. அக்கா பேசிப் பார்த்தார், 1,560 ஆக இருந்தது 1,475-க்கு இறங்கியது. மிச்சம் 175-ஐத் தம்பியோடு பங்கு போட்டுக்கொள்வதாக முடிவு செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

குடி போனதும் புதிய வாடகையையும், பிறகு பிள்ளைக்குப் பத்து வயதாவது, பதினாறாவது, யாராவது வீட்டுக்கு வருவது போவது எல்லாவற்றையும் யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் உடனே பதிவு செய்யுங்கள். உங்களுக்குக் கூட்டித்தர வேண்டிய மாற்றம் என்றால், தாமதமாகச் சொன்ன மாதங்களுக்கான பணம் பெரும்பாலும் திரும்பி வராது.