தமிழ்நாட்டில் வீடு வாங்கும்போது பத்திரச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

தமிழ்நாட்டில் வீடோ மனையோ கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9 சதவீதம். இது பலருக்கும் தெரிந்ததுதான். கணக்கு தப்புவது, அந்த 9 சதவீதத்தை எந்தத் தொகைக்குப் போடுவது என்பதில். நீங்கள் பேசி முடித்த விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசே நிர்ணயித்த மதிப்பு) இரண்டில் எது அதிகமோ, அதன்மீதுதான் வசூலிப்பார்கள். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வழிகாட்டி மதிப்பு

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தையும் கிராமத்தையும் தேர்ந்தெடுத்து, தெருப் பெயரை வைத்து ஒரு முறை, புல எண்ணை (சர்வே எண்) வைத்து ஒரு முறை என இரு வழியிலும் தேடுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு மதிப்பு வந்தால், பெரிய தொகையை வைத்தே செலவுக்குத் திட்டமிடுங்கள். புல எண்ணை உட்பிரிவோடு தாய்ப் பத்திரத்திலிருந்து எடுக்க வேண்டும்; புரோக்கர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. புல எண்ணுக்கு எதிரே ஏக்கர் கணக்கில் விவசாய நில மதிப்பு இருக்கும். அதைப் பார்த்துச் செலவு குறைவு என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் அந்த இடம் மனைப்பிரிவாகிவிட்டால் சதுர அடிக் கணக்கில்தான் மதிப்பிடுவார்கள். வித்தியாசம் பல மடங்கு வரும். 2024 ஜூலையில் மதிப்புகள் திருத்தப்பட்டன என்பதால், அதற்கு முன் பதிவான பக்கத்து மனைப் பத்திரத்தை வைத்துக் கணக்குப் போடுவதும் சரிவராது.

வழிகாட்டி மதிப்பு நிலத்துக்கு மட்டும்தான். மேலே கட்டடம் இருந்தால் பரப்பு, கட்டுமான வகை, வயது ஆகியவற்றைப் பார்த்து அதற்குத் தனி மதிப்பு போட்டுச் சேர்ப்பார்கள். பத்திரத்தில் கட்டடத்தையே காட்டாமல் காலி மனையாக எழுதிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மின் இணைப்பும் சொத்து வரி ரசீதும் இருக்கிற வீட்டை மறைப்பது நடக்காத காரியம்.

ஒரு கணக்கு

அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்றால் நிலம் 36 லட்சம். கட்டட மதிப்பு 14 லட்சம். மொத்தம் 50 லட்சம். பேசிய விலை 48 லட்சம். தீர்வை 50 லட்சத்துக்கு: முத்திரை 3,50,000, பதிவு 1,00,000, ஆக 4,50,000 ரூபாய். இதற்கு மேல் கணினிக் கட்டணம், உட்பிரிவு தேவைப்பட்டால் அதற்கான கட்டணம், பத்திர எழுத்தர் கூலி எல்லாம் தனி.

இந்த நாலரை லட்சத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகள் தவிர மற்றவற்றுக்கு, வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்று கணக்கிடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 48 லட்சத்தில் 80 சதவீதம் கடன் கிடைத்தால் 38.4 லட்சம். மீதி 9.6 லட்சத்தோடு 4.5 லட்சம் சேர, கையில் 14.1 லட்சம் வேண்டும். பதிவு தேதி குறித்த பிறகு நகை அடகுக்கு ஓடுகிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

அடுக்குமாடி என்றால்

கட்டுநரிடமிருந்து முதல் முறை விற்பனையாகும் புது ஃப்ளாட்டுக்கு, 2023 டிசம்பர் முதல் நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு நடக்கிறது. முத்திரைத் தீர்வை 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், அதையும் தாண்டினால் 7 சதவீதம். பதிவுக் கட்டணம் எப்போதும்போல 2. அதன்படி 60 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு 4,20,000 ஆகும். மறுவிற்பனைக்கு இந்தச் சலுகை கிடையாது. முழு 9 சதவீதம்தான்.

கட்டி முடிக்காத ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மலிவு விலை வீட்டு வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. கட்டுநர் ‘எல்லாம் சேர்த்து’ என்று ஒரே தொகையாகச் சொன்னால், அதில் ஜிஎஸ்டி எவ்வளவு, பத்திரச் செலவு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

பெண்கள் பெயரில் 10 லட்சம் மதிப்பு வரையிலான சொத்தைப் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

டிடிஎஸ்: வாங்குபவர் தலையில் விழும் வேலை

டிடிஎஸ் என்பது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி. விலையோ, முத்திரைத் தீர்வைக்கான அரசு மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால், இரண்டில் எது அதிகமோ அதில் 1 சதவீதத்தை விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. மேலே சொன்ன கணக்கில் விலை 48 லட்சம்தான். ஆனால் அரசு மதிப்பு 50 லட்சம் ஆகிவிட்டதால் பிடித்தம் உண்டு, 50,000 ரூபாய். ‘விலை 50-க்குக் கீழேதானே’ என்று விட்டுவிட்டு, பிறகு நோட்டீஸ் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸ் உட்பட ஒவ்வொரு தவணையிலும் பிடிக்க வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் ஆன்லைனில் கட்ட வேண்டும். தாமதமானால் வட்டியோடு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணமும் சேரும். வங்கி விற்பவருக்கு நேராகக் காசோலை தரும்போது, பிடித்தம் போக மீதித் தொகைக்கு எழுதச் சொல்லுங்கள். முழுத் தொகையும் போய்விட்டால் அந்த ஒரு சதவீதம் உங்கள் கைக்காசு. விற்பவரின் பான், ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்திருந்தால் பிடித்தம் 1 அல்ல, 20 சதவீதம். அட்வான்ஸுக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விதியே வேறு, விகிதமும் மிக அதிகம். அங்கே ஆடிட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

மதிப்பைக் குறைத்து எழுதினால்

பத்திரத்தில் மதிப்பு குறைவு என்று சார்பதிவாளர் கருதினால், ஆவணத்தைப் பதிந்துவிட்டு, முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவின்கீழ் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். வித்தியாசத் தொகை கட்டும்வரை அசல் பத்திரம் கைக்கு வராது. வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் இதுவே பெரிய தலைவலி, ஏனென்றால் வங்கி அசலைத்தான் கேட்கும். துணை ஆட்சியர் விசாரணையில் இடத்தின் குறைகளைச் சொல்லலாம்: பாதை இல்லாதது, பள்ளம், மேலே செல்லும் உயர் மின்னழுத்தக் கம்பி. புகைப்படமும் அதே பகுதியில் அண்மையில் பதிவான பத்திர நகல்களும் கொண்டுபோங்கள். உத்தரவு ஏற்புடையதாக இல்லையென்றால், இரண்டு மாதத்துக்குள் பதிவுத்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வருமான வரி இன்னொரு பக்கம். அரசு மதிப்புக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம், அந்த விலையில் 10 சதவீதத்தையும் 50,000 ரூபாயையும் தாண்டினால், அந்த வித்தியாசம் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்படும். பின்னால் அதே வீட்டை விற்கும்போது, அன்று பத்திரத்தில் காட்டாத, வரியும் கட்டாத தொகை லாபமாக மாறி, அதற்கு வரி வரும்.

பதிவு நாள்

ஆவணத்தைத் தளத்தில் உள்ளிட்டு, தீர்வையையும் கட்டணத்தையும் ஆன்லைனில் செலுத்தி, டோக்கன் எடுங்கள். ஒரு நாள் முன்பு புதிதாக ஒரு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்ப்பது நல்லது. பதிவு நாளன்று அடையாள அட்டைகளோடு இரண்டு சாட்சிகள் வேண்டும். பத்திரத்தில் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும்; தவறினால் அபராதம் பதிவுக் கட்டணத்தைப் போல பத்து மடங்கு வரை போகலாம். பணம் செலுத்திய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், வீட்டுக்குக் கட்டிய முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த நிதியாண்டிலேயே 1.5 லட்ச வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். காலி மனைக்கு அது பொருந்தாது.