குரூஸ் உறுப்பினர் சலுகைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரின்சஸ் என்ற குரூஸ் (கடல் உல்லாசப் பயண) நிறுவனத்தின் கப்பல்களில் பதினைந்து பயணங்களை முடித்து எலைட் என்ற உயர் உறுப்பினர் நிலையை எட்டிய ஒருவர், முதல்முறையாக ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் கப்பலில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரின்சஸில் அவருடைய துணிகளை இலவசமாகத் துவைத்துக் கொடுத்தார்கள். இங்கே ஒரு சட்டைக்குக்கூடக் கட்டணம் உண்டு. இரண்டு நிறுவனங்களும் கார்னிவல் கார்ப்பரேஷனுக்குச் சொந்தமானவைதான். ஆனால் ஹாலந்து அமெரிக்காவின் கணக்கில் அவர் இன்றைக்குத்தான் பிறந்தவர்.

குரூஸ் உறுப்பினர் திட்டங்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் வழுக்குவது இந்த இடத்தில்தான். முதலாளி ஒருவர் என்றால் கணக்கும் ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறார்கள்.

முதலாளி ஒருவர், கணக்குகள் பல

கார்னிவல் குழுமத்தில் கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், சீபோர்ன், கோஸ்டா, ஐடா, பி அண்ட் ஓ என்று பல பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் உறுப்பினர்களுக்கெனத் தனித் திட்டம் நடத்துகிறது. ஒன்றில் சேர்த்த நாட்கள் இன்னொன்றின் படிக்கட்டில் பொதுவாக எண்ணப்படுவதில்லை. குனார்டில் வைர உறுப்பினராக இருப்பவருக்கு கார்னிவல் கப்பலில் அதனால் ஒரு பலனும் கிடையாது.

ராயல் கரீபியன் குழுமம் வேறு வழியில் போகிறது. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ ஆகிய மூன்றும் 2024 ஜூன் முதல் ஒன்றில் பெற்ற நிலைக்கு ஈடான நிலையை மற்ற இரண்டிலும் ஏற்றுக்கொள்கின்றன. நார்வீஜியன், ஓஷானியா, ரீஜென்ட் ஆகியவற்றை நடத்தும் நார்வீஜியன் குழுமமும் 2025இன் பிற்பகுதியில் இதே பாதைக்கு வந்தது. ஆகவே இரண்டு நிறுவனங்களும் ஒரே குழுமமா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால் பாதி விடைதான் கிடைக்கும். அந்தக் குழுமம் ஓரிடத்து நிலையை மற்றோரிடத்தில் மதிக்கிறதா, எந்த நிலைக்கு எந்த நிலை ஈடு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உறவே அறுந்துபோகவும் கூடும். அஸமாரா 2021 வரை ராயல் கரீபியன் குழுமத்தில் இருந்தது. அந்த ஆண்டு சிகமோர் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பழைய பட்டியல்களில் அதுவும் சகோதர நிறுவனமாகவே இருக்கும். அந்தப் பட்டியல்களை நம்பித் திட்டம் போடக் கூடாது.

நிலை வரும், பாயிண்ட் வராது

ஈடான நிலை என்பதைப் பலர் பாயிண்ட் மாற்றம் என்று புரிந்துகொள்கிறார்கள். இரண்டும் வேறு. ராயல் கரீபியனின் கிரவுன் அண்ட் ஆங்கர் திட்டத்தில் ஓர் இரவுக்கு ஒரு பாயிண்ட். சூட் என்ற பெரிய சொகுசு அறை எடுத்தால் இரண்டு. 80 பாயிண்டில் டயமண்ட் நிலை. அந்த டயமண்ட், செலிப்ரிட்டியின் கேப்டன்ஸ் கிளப் திட்டத்தில் எலைட் நிலைக்கு ஈடு. செலிப்ரிட்டி கப்பலில் ஏறியதும் எலைட்டுக்குரிய சலுகைகள் கிடைத்துவிடும். ஆனால் கேப்டன்ஸ் கிளப் கணக்கைத் திறந்து பார்த்தால் அவர் செலிப்ரிட்டியில் சொந்தமாகச் சேர்த்தது எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும். முதல் பயணம் என்றால் பூஜ்யம். அடுத்த படியான எலைட் பிளஸுக்கு அவர் நெருங்கிவிட்டதாக அர்த்தமில்லை.

இதில் உள்ள கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். செலிப்ரிட்டியில் எலைட்டுக்கு 300 பாயிண்ட் வேண்டும். அங்கே பாயிண்ட் கேபினின் தரத்தைப் பொறுத்தது. ஜன்னல் இல்லாத உள் கேபினுக்கு ஓர் இரவுக்கு இரண்டு, பால்கனி கேபினுக்கு மூன்று, அதற்கு மேல் போகப் போக எண்ணிக்கை வேகமாக ஏறும். உள் கேபினிலேயே பயணம் செய்கிறவர் எலைட்டை எட்ட 150 இரவுகள் ஆகும். பால்கனிக்காரருக்கு 100. அதே மனிதர் ராயல் கரீபியனில் மிக மலிவான கேபினில் 80 இரவுகள் கழித்தாலே டயமண்ட் கிடைத்து, அதன் வழியாக எலைட்டும் கைக்கு வந்துவிடும். மலிவான கேபினில் போகிறவருக்கு ராயல் வழியாக ஏறுவது குறுக்குவழி. பெரிய சூட்டில் தங்குகிறவருக்கு இது தலைகீழ்: செலிப்ரிட்டியில் ஓர் இரவுக்கு எட்டு, பன்னிரண்டு என்று பாயிண்ட் கொட்டும்போது, அதை ராயலில் இரண்டிரண்டாகச் சேர்ப்பதில் பொருளில்லை. ஒருவருக்குச் சொன்ன யோசனை இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

2026 தொடக்கத்திலிருந்து, ஒரு பயணத்தில் கிடைத்த பாயிண்டை மூன்று திட்டங்களில் எதில் வரவு வைப்பது என்று பயணியே தேர்ந்தெடுக்கலாம் என்றும் ராயல் கரீபியன் குழுமம் 2025இல் அறிவித்தது. நல்ல வசதிதான். ஆனாலும் கவனம் தேவை. மூன்று திட்டங்களின் அளவுகோலும் வேறு வேறு என்பதால், வரவு வைக்கும் இடத்தைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். அடுத்த படிக்கு எந்தத் திட்டத்தில் மிக அருகில் இருக்கிறீர்களோ, அங்கே சேர்ப்பதே பெரும்பாலும் சரியாக இருக்கும். எந்தப் படிக்கும் அருகில் இல்லை என்றால், இனி எந்த நிறுவனத்தில் அதிகம் பயணம் செய்வீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எல்லா வைரமும் ஒரே விலையா?

தங்கம், பிளாட்டினம், வைரம். குரூஸ் நிறுவனங்களுக்கு இந்த மூன்றையும் விட்டால் வேறு பெயரே தோன்றாது போலிருக்கிறது. ராயல் கரீபியனில் முதல் பயணம் முடிந்ததுமே கோல்டு. கார்னிவலின் பழைய வி.ஐ.எஃப்.பி. திட்டத்தில் அதற்கு 25 நாட்கள். பிளாட்டினத்துக்கு ராயலில் 30, கார்னிவலில் 75. டயமண்டுக்கு ராயலில் 80, கார்னிவலில் 200. கார்னிவலின் பிளாட்டினத்தை எட்டும் நேரத்தில் ராயலில் டயமண்டின் வாசலுக்கே வந்திருக்கலாம்.

பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடும்போது இதெல்லாம் மறைந்துபோகிறது. எதை எண்ணுகிறார்கள் என்பதும் மறைகிறது. ராயலும் கார்னிவலும் நாட்களை எண்ணின. பிரின்சஸ் நெடுங்காலமாகப் பயணங்களையோ நாட்களையோ, எது முதலில் நிறைவடைகிறதோ அதை எடுத்துக்கொண்டது: எலைட்டுக்குப் பதினைந்து பயணங்கள் அல்லது 150 நாட்கள். மூன்று, நான்கு நாள் பயணங்களாகவே போகிறவருக்கு இது பெரிய வரப்பிரசாதம். சூட்டில் தங்கினாலோ தனியாகப் பயணம் செய்தாலோ ஒரு பயணம் இரண்டாக எண்ணப்பட்டது. ஹாலந்து அமெரிக்கா நாட்களோடு செலவையும் எண்ணுகிறது. கப்பலில் செலவழிக்கும் ஒவ்வொரு 300 டாலருக்கும் ஒரு நாள் கூடுதல் வரவு. ஆகவே கரைச் சுற்றுலாக்களைக் கப்பல் வழியாகவே பதிவு செய்கிறவர், காலண்டரில் உள்ள நாட்களைவிட வேகமாக நான்கு நட்சத்திர நிலையை, அதாவது 200 நாட்களை, எட்டிவிடுவார்.

தனியாகப் பயணம் செய்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிப்பது நல்லது. இருவருக்கான கட்டணத்தை ஒருவரே சுமப்பது அவர்களுக்குப் பெரிய எரிச்சல். அதற்குச் சிறு ஆறுதலாக ராயல் கரீபியன் ஓர் இரவுக்கு ஒரு பாயிண்ட் கூடுதலாகத் தருகிறது. டயமண்டுக்கு அடுத்த படியான டயமண்ட் பிளஸுக்குள் 340 பாயிண்டைத் தாண்டியவருக்குத் தனிப்பயணக் கட்டணமே ஒருவர் கட்டணத்தின் 200 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாகக் குறைகிறது. என் பார்வையில் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் உண்மையான பணமதிப்புள்ள சலுகைகளில் இது முன்வரிசையில் நிற்கிறது.

ஏற்கெனவே வாங்கியதை இலவசமாகப் பெறுவது

சலுகைகளின் மதிப்பைக் கூட்டும்போது நடக்கும் தவறு வேறு ரகம். டயமண்ட் உறுப்பினருக்கு ராயல் கரீபியன் ஒரு நாளைக்கு நான்கு பானங்கள் தருகிறது. டயமண்ட் பிளஸுக்கு ஐந்து, உச்சிப் படியான பினாக்கிளுக்கு ஆறு. ஏழு இரவுப் பயணத்தில் நான்கு என்றால் 28 பானங்கள். விலைப்பட்டியலில் உள்ள விலையால் பெருக்கினால் நூற்றுக்கணக்கான டாலர் வரும். ஆனால் மது அருந்தாதவருக்கு அதில் பாதிகூட இல்லை. பானப் பொதியை, அதாவது பயணம் முழுவதற்குமான பானங்களை மொத்தமாக, முன்பே பணம் கொடுத்து வாங்கிவிட்டவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

செலிப்ரிட்டியில் இது இன்னும் வெளிப்படை. பானங்களும் வைஃபையும் உள்ளடங்கிய கட்டணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு, எலைட் நிலை தரும் மாலைநேரப் பானங்களையும் தள்ளுபடி வைஃபையையும் லாபப் பக்கத்தில் எழுதினால் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணுகிறோம். சரியான வரிசை இது: முதலில் உங்கள் நிலை என்ன தருகிறது என்று பாருங்கள், பிறகு மிச்சம் என்ன தேவையோ அதை மட்டும் விலைக்கு வாங்குங்கள். பொதியை முதலில் வாங்கிவிட்டுச் சலுகையைத் தேடுவது பலருடைய பழக்கம். நிறுவனத்துக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்காது.

சில்வர்சீ, ரீஜென்ட் போன்ற ஆடம்பரக் கப்பல்களுக்குப் போனால் இந்தக் கேள்வியே கரைந்துபோகிறது. அங்கே பானங்கள், வைஃபை, ஊழியர் அன்பளிப்பு எல்லாம் எல்லாருக்கும் கட்டணத்திலேயே அடக்கம். கீழ்நிலைக் கப்பலில் பெரிய சலுகையாகத் தெரிந்தது இங்கே எல்லாப் பயணிக்கும் உரியது. ராயலில் சேர்த்த டயமண்ட் நிலையோடு சில்வர்சீயில் ஏறினால் ராஜமரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே மரியாதை கட்டணத்தோடு எல்லாருக்கும் வருகிறது.

கூட்டமும் மதிப்பைத் தின்கிறது. மற்றவர்களுக்கு முன்பாகக் கப்பலில் ஏறும் முன்னுரிமை என்பது வரிசையில் பத்துப் பேர் இருக்கும்போது சலுகை. விசுவாசமான வாடிக்கையாளர்கள் நிறைந்த நீண்ட பயணங்களில் முன்னுரிமை வரிசைதான் நீளமாக இருக்கும். இதற்கு மாறாக, இலவசத் துணி துவைப்பு யார் எத்தனை பேர் பெற்றாலும் குறையாது. மூன்று வாரப் பயணத்தில் அது தரும் நிம்மதியையும், பெட்டியில் மிச்சமாகும் இடத்தையும் எந்த அட்டவணையும் காட்டாது. பிரின்சஸ் எலைட், ஹாலந்து அமெரிக்கா நான்கு நட்சத்திரம், கார்னிவல் டயமண்ட் ஆகியவற்றில் எனக்குப் பிடித்த சலுகை அதுதான்.

இரட்டைப் பாயிண்டுக்காகச் சூட் எடுப்பதைப் பற்றி ஒரு வரி: சூட் வேண்டும் என்றால் எடுங்கள். பாயிண்டுக்காக மட்டும் என்றால், அந்தக் கட்டண வித்தியாசத்தில் சாதாரண கேபினில் இன்னொரு பயணம் போய், அதே பாயிண்டைக் கடலில் கூடுதல் நாட்களைக் கழித்தே சம்பாதிக்கலாம்.

வாழ்நாள் உரிமை என்ற நம்பிக்கை

ஏறிய படியிலிருந்து யாரும் இறக்க மாட்டார்கள் என்பது குரூஸ் உலகின் பழைய வழக்கம். விமான நிறுவனங்கள் ஆண்டுதோறும் கணக்கைத் துடைத்தபோதும் கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. அந்த வழக்கம் இப்போது ஆட்டம் காண்கிறது. கார்னிவல் 2025 ஜூனில் அறிவித்த புதிய திட்டம் 2026இல் நாட்களுக்குப் பதிலாகச் செலவை அடிப்படையாகக் கொள்கிறது. பெற்ற நிலை இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஆண்டுக்கு இரண்டு மலிவான பயணம் போய் மெல்ல மெல்லப் பிளாட்டினம் வந்தவர்களுக்கு இது பேரிடி. எம்எஸ்சி என்ற இன்னொரு குரூஸ் நிறுவனத்தில் கடைசிப் பயணத்திலிருந்து மூன்று ஆண்டுகள் கப்பல் ஏறாவிட்டால் உறுப்பினர் நிலையே காலாவதியாகிவிடும். மறுபுறம், வேறு நிறுவனங்களில், ஹோட்டல் திட்டங்களில் பெற்ற நிலையைக்கூட எம்எஸ்சி ஒப்பிட்டு ஏற்றுக்கொள்கிறது. சுலபமாகக் கிடைப்பதைச் சுலபமாக இழக்கவும் நேரும் என்பதால், பயணம் முடிவான பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

சில்லறை விஷயங்கள், ஆனால் பணம் போகும்

காசினோ உறுப்பினர் திட்டம் தனி. ராயல் கரீபியனின் காசினோ திட்டமான கிளப் ராயலில் கிடைத்த இலவசப் பயணத்தையும் கிரவுன் அண்ட் ஆங்கர் நிலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரே முகவரியில் வாழும் தம்பதியரின் கணக்குகளை இணைத்து, இருவரில் உயர்ந்த நிலையை இருவருக்கும் ராயல் கரீபியன் தருகிறது. கார்னிவலின் பழைய திட்டத்தில் ஒவ்வொருவரும் அவரவர் நாட்களைத்தான் எண்ண வேண்டியிருந்தது. ஒருவர் அலுவல் காரணமாகத் தனியாக நிறையப் பயணம் செய்யும் குடும்பத்துக்கு இது முக்கியமான வேறுபாடு.

ஈடான நிலை எல்லா இடத்திலும் தானாக வந்து சேராது. இரண்டு கணக்கிலும் பெயர், பிறந்த தேதி கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பழைய மின்னஞ்சலில் தொடங்கிய இரண்டாவது கணக்கு ஒன்று எங்கேனும் கிடந்தால், முதலில் அதை ஒன்றாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கார்னிவல் குழுமத்தில் நிறுவனங்களைத் தாண்டிச் செல்லும் சலுகை ஒன்று உண்டு. அது உறுப்பினர் திட்டத்தில் இல்லை, பங்குச் சந்தையில் இருக்கிறது. குழுமத்தின் நூறு பங்குகளை வைத்திருப்பவருக்கு அதன் பல நிறுவனங்களிலும் கப்பலில் செலவழிப்பதற்கான வரவுத் தொகை கிடைத்து வந்திருக்கிறது: ஆறு நாள் வரையான பயணத்துக்கு 50 டாலர், 13 நாள் வரை 100, அதற்கு மேல் 250. இதற்காகவே பங்கு வாங்குவது வேறு விளையாட்டு. 2020 தொடக்கத்தில் ஏறக்குறைய 50 டாலருக்கு விற்ற அந்தப் பங்கு ஏப்ரலில் பத்து டாலருக்குக் கீழே இறங்கியது. ஏற்கெனவே பங்கு வைத்திருந்தால் மட்டும், பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே சான்றுடன் விண்ணப்பியுங்கள். வரவு கேபினுக்கு ஒன்றுதான். அதைக் காசினோவிலோ ஊழியர் அன்பளிப்புக்கோ பயன்படுத்த முடியாது.